மெய்யும் உயிரும்: பின்னணிக் குரற்கலையும் பாவை புனைதலும்

1. தோற்றுவாய்

தமிழ் எழுத்துகளை வகுத்த முன்னோர், தாமே ஒலித்து இயங்க வல்லவற்றை உயிர் என்றும், உயிரின் துணையின்றி இயங்கலாற்றாதவற்றை மெய் என்றும் பெயரிட்டனர். இப்பெயரீட்டில் ஓர் உவமை மறைந்து கிடக்கிறது. உடம்பு உயிரால் இயங்குமாறு போல, மெய்யெழுத்து உயிரெழுத்தால் இயங்கும் என்பதே அது. இலக்கண நூல்களில் குறியீடாய் நின்றுவிட்ட இவ்வுவமை, சென்னை மாநகரில் நாள்தோறும் நிகழும் ஒரு தொழிலில் கண்கூடாக விளங்குகிறது. ஒருவர் முகம் திரையில் தோன்ற, மற்றொருவர் குரல் அம்முகத்தின் வாயினின்று எழுகிறது. இதனைத் திரைத்துறையினர் 'டப்பிங்' என்பர். நாம் பின்னணிக் குரற்கலை எனலாம்.

பிறிதோர் உடம்பிற்குக் குரல் ஈதல் இன்று தோன்றிய வழக்கன்று. தோலிலும் மரத்திலும் பாவை செய்து, திரைக்குப் பின் நின்று, அதற்காகப் பேசிய கூத்தர் இக்கலையின் முன்னோராவர். ஆகவே குரல் நடிகரின் தொழிலையும் பாவை புனைவோரின் கைவினையையும் ஒருசேர வைத்து நோக்குதல் பொருந்தும். குரல் நடிகர் ஒருவரின் வாரம் எவ்வாறு கழிகிறது, அத்தொழிலின் நுட்பங்கள் யாவை, ஓய்வு நேரத்தில் பாவை செய்யும் பழக்கம் அதற்கு எவ்வகையில் துணையாகும் என்பனவற்றை விளக்குவது இக்கட்டுரை. இக்கலையை அளந்து கூறுதற்கு வேண்டிய கருவிகள் தமிழிலக்கணத்திலேயே உள்ளன என்பதும், கருவிகள் இருந்தும் கலைஞர் பெயரும் குரலும் பதிவு பெறாமல் மறைகின்றன என்பதும் இதன் முடிபுகளாம்.

2. பழந்தமிழ் நூல்களில் பாவை

பாவை என்னும் சொல் நம் நூல்களில் பலவிடத்தும் பயில்கின்றது. அவற்றுள் இயங்கும் பாவையைக் குறிக்கும் இடங்கள் நான்கினை ஈண்டு நோக்குவோம். புறநானூற்று 33ஆம் பாட்டு, வல்லவன் ஒருவன் அழகுறச் செய்த அல்லிப்பாவை ஆடும் வனப்பை உவமை கூறுகின்றது. நற்றிணை 362ஆம் பாட்டில், உடன்போக்கில் தலைவனுடன் வரும் தலைவியின் நடைக்குத் தொழிற்றிறம் அமைந்த பாவையின் இயக்கம் உவமையாகின்றது. திருக்குறள் 1020ஆம் குறளில், உள்ளத்தே நாணில்லாதவர் உலவுதல், கயிற்றால் இயங்கும் மரப்பாவை உயிருள்ளது போல் மயக்குவதற்கு ஒப்பாகின்றது. நாண் என்னும் ஒரு சொல்லே நாணத்தையும் கயிற்றையும் குறித்து நிற்பது அக்குறளின் நயம். 1058ஆம் குறள், இரப்போர் இல்லாத உலகத்தில் மக்களின் போக்குவரவு மரப்பாவை சென்று வந்தாற் போன்றதாம் என்கின்றது.

இந்நான்கிடத்தும் பாவை ஆடுகிறது, நடக்கிறது, செல்கிறது, வருகிறது, மயக்குகிறது. ஓரிடத்தும் அது பேசவில்லை. புலவர் கண்ணைக் கவர்ந்தது பாவையின் இயக்கமே. அதனை உயிருள்ளதாகக் காட்டும் குரல் ஒன்று இருந்திருப்பின், அது உவமைக்கும் பொருளாகவில்லை. குரல் கேட்கப்படும், ஆனால் குறிக்கப்படாது என்னும் நிலை, இக்கலையின் வரலாறு முழுதும் தொடர்வதை மேலே காண்போம்.

இன்றும் வழங்கும் பாவைக் கூத்துகளுள் தோற்பாவைக் கூத்தும், பொம்மலாட்டம் எனப்படும் மரப்பாவைக் கூத்தும் தலையாயவை. ஆட்டுத்தோலை ஊறவைத்து, மயிர் நீக்கி, விறைப்பாக உலர்த்தி, அதன்மேல் உருவெழுதி, உளியால் துளையிட்டு, சாயம் ஏற்றிச் செய்வது தோற்பாவை. விளக்கின் ஒளி துளைகளின் ஊடே பாய, உருவம் வெண்டிரையில் வண்ண நிழலாய்த் தோன்றும். மரப்பாவையோ கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் கடையப்படுவது. ஏறத்தாழ நான்கரை அடி உயரமும் பத்துக் கிலோ எடையும் உடைய பாவைகளும் உண்டு. ஆட்டுவோர் தலையில் அணிந்த வளையத்தினின்று இறங்கும் கயிறுகள் பாவையின் உடலைத் தாங்க, கைகளைக் கம்பிகள் இயக்கும். பாவையின் நடை, ஆட்டுவோர் தலையசைவிலும் காலடியிலும் பிறப்பது இதன் சிறப்பு.

தோற்பாவைக் கூத்தில் பாவையை இயக்குபவரே இராமனாகவும் சீதையாகவும் இராவணனாகவும் பேசுவர். உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்னும் நகைச்சுவைப் பாத்திரங்களுக்கும் அவர் குரலே. குடும்பத்தார் பாட்டும் பக்க இசையும் தந்து துணைநிற்பர். மு. இராமசாமி, அ. கா. பெருமாள் முதலிய ஆய்வாளர் இக்கூத்தின் வரலாற்றையும் கதையமைப்பையும் கலைஞர் வாழ்வையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

3. குரல் தனியே பிரிந்த வரலாறு

ஆடுவோர் ஒருவர், பாடுவோர் ஒருவர் என்னும் பிரிவு பழமையானது. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் தோரிய மகளிர் எனப்படுவோர் வருகின்றனர். முன்னர் ஆடி, முதிர்ந்தபின் பாடும் மகளிர் இவர் என்பது உரையாளர் கருத்து. தெருக்கூத்தில் பின்பாட்டுக்காரர் நிற்கும் நிலையும் இதனோடு ஒப்புநோக்கத் தக்கது.

திரைப்படம் பேசத் தொடங்கிய முதல் ஆண்டுகளில் நடித்தவரே பேசினர், பாடினர். 1938ஆம் ஆண்டு ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் வெளியிட்ட 'நந்தகுமார்' படத்தில் நடிகை ஒருவருக்காக லலிதா வெங்கட்ராமன் பாடினார். தமிழ்த் திரையில் பின்னணிப் பாடலின் தொடக்கமாக இது போற்றப்படுகிறது. அவரே 1943இல் கன்னடத்தில் வெளியான ஹரிச்சந்திரன் கதையை 1944இல் தமிழ்க் குரல் சேர்த்து வெளியிட்டார். இந்திய மொழியொன்றினின்று மற்றொன்றிற்குக் குரல் மாற்றிய முதற்படம் இதுவே என்பர். பாட்டு முதலில் உடம்பினின்று பிரிந்தது. ஆறாண்டு கழித்துப் பேச்சும் பிரிந்தது.

அதன்பின் இக்கலை பெரிதும் வளர்ந்தது. பிற்காலத்தில் முன்னணி நடிகரான விக்ரம், 1993இல் 'அமராவதி'யில் அஜித்துக்கும், 1994இல் 'காதல'னில் பிரபுதேவாவுக்கும், 1996இல் 'காதல் தேச'த்தில் அப்பாஸுக்கும் குரல் தந்தார். 2008இல் கமல்ஹாசன் பத்து வேடங்கள் தாங்கிய 'தசாவதாரம்' தெலுங்கிற்குச் சென்றபோது, அவற்றுள் பெண்வேடம் உள்ளிட்ட ஏழனுக்கு எஸ். பி. பாலசுப்பிரமணியம் குரல் ஈந்தார். ஒரு மிடற்றினின்று ஏழு மாந்தர் எழுந்தமை, தோற்பாவைக் கூத்தர் திரைக்குப் பின் ஆற்றும் செயலோடு ஒப்பது. கருவிகள் மாறின, கலை மாறவில்லை.

4. குரல் நடிகரின் ஒரு வாரம்

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு முதலிய பகுதிகளில் வாழும் குரல் நடிகர், தொழில் நிமித்தம் பெரும்பாலும் கோடம்பாக்கம், வடபழனி, சாலிக்கிராமம் ஆகிய இடங்களை நோக்கிச் செல்வர். ஒலிப்பதிவுக் கூடங்கள் அங்கு மிகுதி. அவர்தம் வாரத்தை ஒரு மாதிரியாக அமைத்துக் காட்டலாம். இது தனியொருவரின் நாட்குறிப்பன்று. தொழிலின் இயல்பு விளங்க வகுத்தது.

வாரத்தின் முதல் நாள் திரைப்படப் பணி. குறித்த 'கால்ஷீட்' நேரத்தில் கூடத்தை அடைந்த நடிகர், ஒலி புகாத அறையில் மைக்கின் முன் நிற்பார். எதிரே திரை, காதில் ஹெட்போன். படப்பிடிப்பின்போது பதிந்த மூலக்குரலை, 'பைலட் டிராக்' என வழங்குவதை, முதலில் கேட்பார். சொற்களைக் கேட்பதினும் மூச்சைக் கேட்பதே முதன்மை. திரையிலுள்ளவர் எங்கே மூச்சு வாங்கினார், எங்கே விழுங்கினார், எங்கே தயங்கினார் என்பனவற்றைத் தாளில் குறித்துக்கொள்வார். பின்பு பேசுவார், இயக்குநரோ ஒலிப்பதிவாளரோ மீண்டும் வேண்டுவர், மறுபடியும் பேசுவார். படச்சுருளைச் சிறு துண்டுகளாக்கி, தலையும் வாலும் ஒட்டி, வட்டமாகச் சுழலவிட்டுப் பேசிய காலம் ஒன்றிருந்தது. அத்துண்டிற்கு 'லூப்' என்று பெயர். கணிப்பொறி வந்தபின் சுழலும் படச்சுருள் மறைந்தது. பலர் ஒரு மைக்கைச் சூழ நின்று பேசிய முறையும் அருகி, ஒவ்வொருவரும் தனித்தனியே வந்து தம் பகுதியைப் பேசிச் செல்லும் முறை பெருகியது. எதிர்நிற்பவர் இல்லாமலே உரையாடல் நிகழ்த்துதல் இன்றைய குரல் நடிகரின் தனிச்சுமை.

அடுத்த இரு நாள்கள் தொலைக்காட்சித் தொடர்களுக்கு உரியன. இந்தியிலிருந்து வரும் தொடர்கள் நாள்தோறும் ஒளிபரப்பாவதால் ஈண்டு விரைவே தலைமை பெறும். நான்காம் நாள் விளம்பரமும் செய்திப்படமும். விளம்பரத்தில் பத்து நொடிக்குள் ஒரு கருத்தை முடித்தல் வேண்டும். செய்திப்படத்திலோ வாயசைவின் கட்டு இல்லை, பொருளின் ஓட்டமே அளவு. ஐந்தாம் நாள் சிறுவர் கேலிச்சித்திரப் படங்களும் கும்பற்குரலும். சுட்டி டிவி 2007இல் தோன்றியபின் சிறுவர் படங்களுக்குத் தமிழ்க் குரல் வேண்டும் தேவை மிகுந்தது. கும்பற்குரலாவது சந்தை, ஊர்வலம், திருமணம் போன்ற காட்சிகளில் சிலர் கூடிப் பலராய் ஒலித்தல். ஆறாம் நாள் வானொலி நாடகம் இருப்பின், கடற்கரையை அடுத்த காமராசர் சாலையிலுள்ள நிலையத்திற்குச் செல்வர். 1938 ஜூன் 16ஆம் நாள் தொடங்கிய சென்னை வானொலி, நாடகக் கலைஞரைக் குரற்றேர்வு நடத்தித் தரம் பிரித்துச் சேர்க்கும் முறையுடையது. முகமே இல்லாத நாடகமாதலின், குரல் தன் காலத்தைத் தானே வகுத்துக்கொள்ளும் உரிமை பெறும் இடம் அது ஒன்றே.

ஏழாம் நாள் குரலுக்கு ஓய்வு. தொடர்ந்து கத்தி அழும் காட்சிகளையும் போர்க் காட்சிகளையும் பேசிய மிடறு ஆறுதற்கு வெந்நீரும் வாய்மூடலுமே மருந்து. வாய் ஓய்ந்திருக்கும் அந்நாளில் கைகள் ஓய்ந்திருக்க வேண்டுவதில்லை. பாவை புனைதற்கு ஏற்ற நாள் அதுவே.

5. இதழும் மாத்திரையும்

குரற்கலையின் நடுநாயகமான சிக்கல் வாயசைவிற்குச் சொல் பொருத்துதல். துறையினர் இதனை 'லிப் சிங்க்' என்பர். இதற்குத் தொல்காப்பியப் பிறப்பியல் தெளிவான வழி காட்டுகின்றது. உந்தியினின்று எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு என்னும் மூன்றிடத்தும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பனவற்றோடு கூடி எழுத்தாகும் என்பது ஆசிரியர் கருத்து. இவ்வெட்டனுள் திரையில் காண்பார்க்குத் தெரிவன இதழும், ஓரளவு பல்லும், வாய் திறக்கும் அளவுமே. நாவின் தொழிலும் அண்ணத்தின் தொழிலும் மறைவன.

ஆகவே உரையாடல் எழுதுவோர் நோக்க வேண்டியன நான்கே: பகர மகரங்களில் இதழ் முற்றும் மூடல், வகரத்தில் மேற்பல் கீழிதழை உறல், உ, ஊ, ஒ, ஓ, ஔ என்பனவற்றில் இதழ் குவிதல், அ, ஆ என்பனவற்றில் அங்காத்தல். காடு, நாடு என்னும் இரு சொல்லும் திரையில் ஒரே வாயசைவுடையன. மாடு என்பதோ வேறு, ஏனெனில் அது மூடிய இதழில் தொடங்குகிறது. மூடாத வாயினின்று மகரம் எழுந்தால் காண்பவர் கண் உடனே உறுத்தும். ககரத்திற்குப் பதிலாக நகரம் எழுந்தால் உறுத்தாது.

ஓர் எடுத்துக்காட்டு. இந்தியில் 'மத் ஜாவோ' என்பது போகாதே எனப் பொருள்படும். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என எண்ணின், அத்தொடர் ஐந்தரை மாத்திரை. 'போகாதே' என்பது ஆறு. வேறுபாடு அரை மாத்திரையே. மகரத்திற்குப் பகரம் அமைந்தமையால் தொடக்கமும் பொருந்தும். முடிவோ பொருந்தாது. இந்தித் தொடர் ஓகாரத்தில் இதழ் குவிந்து முடிய, தமிழ்ச்சொல் ஏகாரத்தில் இதழ் விரிந்து முடிகிறது. முகம் தொலைவில் இருப்பின் இது தோன்றாது. அண்மைக் காட்சியாயின் 'வேண்டாம், பொறு' என மாற்றலாம். பொறு என்பதன் இறுதி உகரம் தனிக்குறிலை அடுத்து வந்தமையால் முற்றியலுகரம்; இதழ் குவிந்தே ஒலிக்கும். 'பாரு' என்று முடித்தால் அது குற்றியலுகரத் தன்மையதாய்க் குறுகி, குவிவு குன்றும். எழுத்து ஒன்றாயினும் வாய் ஒன்றன்று என்பதை அறிதற்குக் குற்றியலுகரப் புணரியல் பயின்றவரினும் தகுதியுடையார் யாவர்?

மற்றொன்று. தெலுங்கில் தந்தையை விளிக்கும் 'நான்னா' என்பதில் இதழ் ஒருகாலும் மூடாது. தமிழில் 'அப்பா' எனின் நடுவே இதழ் மூடுதல் வேண்டும். 'ஐயா' எனின் வாய் பொருந்தும். ஆயின் சென்னை வழக்கில் அது தந்தையைக் குறியாமல் மதிப்பிற்குரிய பிறரைக் குறிக்கும். தென்மாவட்டங்கள் சிலவற்றில் தந்தையை ஐயா என்றே அழைப்பர். கதை அந்நிலத்தது ஆயின் சிக்கல் தீரும். அன்றாயின் உறவு கெடாதிருக்க வாய் சிறிது கெடுவதைப் பொறுத்தல் வேண்டும். எழுத்ததிகாரமும் வட்டார வழக்கும் ஒரு சொல்லின்மேல் கூடி நின்று வழக்காடும் இடம் இது.

6. மெய்ப்பாடும் குரலும்

மெய்ப்பாடு எட்டும் மெய்யின்கண் தோன்றுவன. குரற்கலையில் மெய் ஒருவரது, பாடு மற்றொருவரது. திரையிலுள்ள கண் கலங்கியிருக்க, இருளறையில் நிற்பவர் அக்கலக்கத்திற்குக் காரணமான உணர்வைத் தம்மிடத்தே தோற்றுவித்தாலன்றிக் குரல் ஒட்டாது. ஓடுபவருக்குக் குரல் தருபவர் நின்ற இடத்திலேயே உடலை வருத்தி மூச்சை இளைக்கச் செய்வர். சுமை தூக்குபவருக்குப் பேசுபவர் கைகளை இறுக்கிக்கொள்வர். காணப்படாத உடம்பும் நடித்தே ஆகவேண்டும்.

இவ்விடத்தில் மெய்ப்பாட்டியலின் நுண்பகுப்பு பெரிதும் பயன்படும். நகை என்பது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கன்வழிப் பிறப்பது. 'இங்கே சிரிக்க வேண்டும்' என்று மட்டும் சொன்னால் குரல் நடிகர்க்கு அது போதாது. பிறரை இகழும் சிரிப்பும், பேதைமையால் எழும் சிரிப்பும் ஒரே தொலைவிற்கு வாயைத் திறந்தாலும் ஒலியால் வேறானவை. அழுகையும் அவ்வாறே. இழவால் எழும் அழுகை நெஞ்சினின்று எழுந்து பரவும். இளிவரலால் எழுவது மிடற்றிலேயே அடைபடும். தேர்ந்த குரல் நடிகர் இவ்வேறுபாட்டைப் பழக்கத்தால் அறிவர். நாம் நூலால் அறிவோம். இரண்டறிவும் சந்திக்குமாறு செய்வது தமிழ்த்துறைகளின் கடனாகும்.

7. பாவை புனைதல்

ஓய்வுநாளின் கைவினைக்குத் திரும்புவோம். மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலை அடுத்த மாடவீதியில் நவராத்திரிக் காலத்தில் கொலுப்பொம்மைகள் குவிந்திருப்பதை நகரத்தார் அறிவர். களிமண்ணால் ஆனவையும் காகிதக் கூழால் ஆனவையும் அவற்றுள் உண்டு. வீட்டில் பாவை செய்ய விழைவோர்க்கும் காகிதக் கூழே எளிய பொருள். பழைய தாளை நீரில் ஊறவைத்துக் கசக்கி, பசை சேர்த்து, களிமண் அச்சின்மேல் அப்பி, உலர்ந்தபின் இரு பாதியாகக் கழற்றி ஒட்டினால் தலை ஆயிற்று. துணியால் உடம்பு, உள்ளே கை நுழைய இடம். இது கைப்பாவை.

பாவைக்குப் பொருள் விலையுயர்ந்ததாக இருக்க வேண்டுவதில்லை. அமெரிக்க நாட்டு ஜிம் ஹென்சன் என்பார் 1955ஆம் ஆண்டு தம் அன்னையின் பழைய மேலங்கியை வெட்டி, மேசைப்பந்து ஒன்றை இரு பாதியாக்கிக் கண்களாக வைத்து ஒரு பாவை செய்தார். பின்னாளில் தவளை வடிவில் உலகறிந்த கெர்மிட் அதுவே. 1990இல் தாம் மறையும் வரை அதற்குக் கையும் குரலும் அவரே தந்தார். அவரோடு பணியாற்றிய ஃபிராங்க் ஆஸ், 1980இல் வெளிவந்த திரைப்படத்தில் யோடா என்னும் முதுமுனிவப் பாவையை இயக்கியதோடு குரலும் தந்தார். கையும் குரலும் ஒருவரிடத்தே ஒன்றியமை, நம் தோற்பாவைக் கூத்தர் நிலையை ஒத்தது.

வாயசையும் கைப்பாவையின் மேற்றாடையை நான்கு விரலும் கீழ்த்தாடையைப் பெருவிரலும் தாங்கும். புதிதாகப் பழகுவோர் சொல் முடியும் இடத்தில் வாயைத் திறப்பர்; அதனால் பாவை சொல்லைக் கடித்து விழுங்குவது போல் தோன்றும். உயிரொலி எழும் கணத்தில் வாய் திறந்து, அது முடிகையில் மூடல் வேண்டும் என்பதே முறை. 'அம்மா' என்பதில் அகரத்திற்கு ஒரு முறையும் ஆகாரத்திற்கு ஒரு முறையும் வாய் திறக்கும். இடையிலுள்ள மெய் மூடலிலேயே அடங்கும். நெடிலுக்குத் திறப்பு நீளும். மெய்யின் இயக்கம் உயிரோடு பொருந்துமாற்றைக் கட்டைவிரலால் கற்பிக்கும் பாடம் இது.

குரல் நடிகர்க்கு இப்பழக்கம் தரும் பயன் தெளிவானது. வாரம் ஆறு நாளும் அவர் பிறர் வாய்க்குத் தம் குரலை அடக்குகிறார். வாய் முந்துகிறது, குரல் பின்தொடர்கிறது. பாவையிடத்தோ குரல் முந்த, வாய் பின்தொடர்கிறது. ஒரே பொருத்தத்தை இருதலையினின்றும் பயில்பவர்க்கு அதன் நுட்பம் விரைவில் கைவரும். அன்றியும், பாவையின் முகத்தில் உணர்ச்சி மாறுவதில்லை. மாறாத முகம் அழுவதாகவும் சிரிப்பதாகவும் காண்போர்க்குத் தோன்றச் செய்வது குரல் ஒன்றே. குரலின் ஆற்றலை வேறெந்தத் துணையுமின்றிச் சோதிக்கும் உரைகல் பாவை எனலாம்.

8. குரல் நிற்கும் இடமும் பெயரும்

பாவைக் கூத்துகளில் குரல் தருவோர் எங்கே நிற்கின்றனர் என்பது நாட்டிற்கு நாடு வேறுபடுகின்றது. சப்பான் நாட்டுப் புன்ராக்கு என்னும் கூத்தில் முதன்மைப் பாவை ஒன்றை மூவர் இயக்குவர், பேசுபவர் வேறு. தாயூ எனப்படும் அவர் அரங்கின் ஒருபுறத்தே மேடையில் யாவரும் காண அமர்ந்து, ஏட்டை நெற்றிக்கு உயர்த்தி வணங்கிப் பின் எல்லாப் பாத்திரங்களுக்கும் பேசுவர். இராசத்தானத்துக் கட்புதலியில் ஆட்டுவோர் மூங்கிற் சீழ்க்கை ஒன்றை வாயிலிட்டு மக்கட்குரல் அல்லாத கூர்ங்குரல் எழுப்புவர். கேரளத்துத் தோல்பாவைக் கூத்தில் பத்திரகாளி கோயிற் கூத்துமாடத்துத் திரையின் பின் நின்று கம்பராமாயணப் பாடல்களைச் சொல்லி விளக்குவோர்க்குப் புலவர் என்றே பெயர். ஓரிடத்தில் குரல் காட்சி பெறுகிறது, ஓரிடத்தில் உருமாறுகிறது, ஓரிடத்தில் மறைந்திருந்தும் புலமைப் பெயர் பெறுகிறது.

திரைப்படக் குரல் நடிகர் நிலை யாது? அவர்க்குத் தனிச் சங்கம் உண்டு. தமிழ்நாட்டரசின் திரைப்பட விருதுகளுள் பின்னணிக் குரலுக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி விருதும் உண்டு. எனினும் படத்தின் பெயர்ப்பட்டியலில் குரல் தந்தோர் பெயர் ஒருங்கே வந்தாலும், எவர் குரல் எப்பாத்திரத்தது என்பது பெரும்பாலும் விளங்குவதில்லை. குரல் ஒட்டியது என்பதே அதன் வெற்றி. ஒட்டிவிட்டால் அது பிறருடையது என்பது மறந்துபோகும். தன்னை மறைத்தலே தொழிலின் சிறப்பாக அமைந்தமையின், அச்சிறப்பே கலைஞரின் பெயரையும் மறைத்துவிடுகிறது. அமெரிக்கக் கேலிச்சித்திரப் படங்களில் முயலும் வாத்துமாகப் பேசிய மெல் பிளாங்க்கின் பெயர் 1940களிலேயே படத்தில் தனித்துக் குறிக்கப்பெற்றமை ஈண்டு நினைக்கத் தக்கது.

இது பெயர் பற்றிய மனக்குறை அளவில் நிற்பதன்று. செயற்கை நுண்ணறிவு வளர்ந்தபின் குரலைக் கலைஞரினின்று முற்றும் பிரித்தெடுத்தல் இயல்வதாயிற்று. 1997இல் மறைந்த சாகுல் ஹமீது, 2022இல் மறைந்த பம்பா பாக்யா ஆகிய இருவர் குரல்களும் 2024இல் வெளியான 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' என்னும் பாடலில் இம்முறையால் மீண்டும் ஒலித்தன. இருவர் குடும்பத்தாரின் இசைவு பெற்று, உரிய ஊதியமும் வழங்கியதாக இசையமைப்பாளர் ஏ. ஆர். ரகுமான் அறிவித்தார். இசைவு கேட்டற்கு இக்குரல் இன்னாருடையது என்பது தெரிந்திருத்தல் வேண்டும். பாடகர் பெயர் உலகறிந்தது. ஆதலின் கேட்க இயன்றது. பெயரறியாத குரல் நடிகரின் குரலை இயந்திரம் எடுத்தாளின், எவரிடம் இசைவு கேட்பது? எவர்க்கு ஊதியம் தருவது? நாண் அறுந்த பாவை கிடந்த இடத்தில் கிடக்கும். உயிரினின்று அறுந்த குரலோ எவர் கையிலும் ஆடும்.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு. பின்னணிக் குரற்கலையும் பாவைக் கூத்தும் ஒரே கலையின் இரு வடிவங்கள். பிறிதோர் மெய்க்கு உயிராதலே இரண்டன் இயல்பும். அவற்றின் நுட்பத்தைப் பிறப்பியலும் குற்றியலுகரமும் மாத்திரையும் மெய்ப்பாடும் கொண்டு தெளிவாக விளக்கலாம். ஏட்டுப்பாடமாக நாம் கற்பிக்கும் இப்பகுதிகள், நம் நகரத்தார் பலரின் அன்றாடத் தொழிலுக்குள் உயிரோடு வழங்குகின்றன.

பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் மேற்கொள்ளத் தக்க பணிகள் மூன்று. முதலாவது, தோற்பாவைக் கூத்தர் ஒவ்வொரு பாத்திரத்திற்கும் குரலை எவ்வாறு வேறுபடுத்துகின்றனர் என்பதை ஒலியாகப் பதிந்து, எழுத்தாகவும் குறித்து வைத்தல். கூத்தின் பாடத்தை மட்டும் தொகுத்து வைத்தால், அப்பாடத்தை ஏழு மாந்தராக்கிய குரல் கூத்தரோடு மறையும். இரண்டாவது, மொழிமாற்றப் படங்களின் உரையாடலைப் பிறப்பியல் நோக்கில் ஆராய முதுகலை மாணாக்கரை ஊக்குதல். மூலமும் மாற்றமும் அருகருகே கிடைப்பதால், ஒலியும் பொருளும் முரணுமிடத்துத் தமிழ் எதனைக் காத்தது என்பதை அறிதற்கு இதனினும் நல்ல களம் இல்லை. மூன்றாவது, எப்படத்தில் எப்பாத்திரத்திற்கு எவர் குரல் தந்தார் என்னும் அடைவு ஒன்றைத் தொகுத்தல். முதிய கலைஞர் நினைவில் மட்டுமே தங்கியுள்ள செய்திகள் பல. அவர்கள் உள்ளபோதே கேட்டெழுதினாலன்றி அவை கிடையா.

அடைவு தொகுத்தல் எளிய பணியாகத் தோன்றலாம். ஆயின் ஏட்டுச்சுவடிகளில் பாடினோர் பெயரைக் குறித்து வைத்த தொகுப்பாளர் இலராயின், சங்கப் புலவர் பலரை நாம் அறிந்திருக்க மாட்டோம். பெயர் தெரியாத புலவரை அவர்தம் உவமைத் தொடரால் அழைக்கும் நிலையும் சிலவிடத்து நேர்ந்தது. நம் காலத்துக் குரல்களுக்கு அந்நிலை நேராமற் காத்தல் இயலும். காலம் இன்னும் கடந்துவிடவில்லை.